கவனிப்பாரற்ற பாகங்கள்

1999இல் நாங்கள் நடத்திவந்த பத்திரிகையின் கடைசி இதழ் அச்சாகவில்லை. பணமில்லை என்பது பாதிக் காரணம். மீதிப் பாதியை எழுதினால் இன்னும் இரண்டு பேர் என்னோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். இதழ் முழுவதும் கணினியில் கோக்கப்பட்டு, மெய்ப்பு பார்த்து, ட்ரேசிங் தாளில் எடுக்க வேண்டியது மட்டும் பாக்கி என்ற நிலையில் நின்றுபோயிற்று. டிடிபி செய்து கொடுத்தவர் முந்தைய இதழ்களையும் சேர்த்து ஒரு குறுந்தகட்டில் எழுதிக் கொடுத்தார். வாங்கி வைத்தேன். அச்சாகாத அந்த இதழில் ஒரு கவிஞருடைய ஒன்பது கவிதைகள் இருந்தன. மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். அவர் பிறகு அதிகம் எழுதவில்லை. ஏழெட்டு ஆண்டுகளில் இறந்தும் போனார். கையெழுத்துப் பிரதியை அவரும் வைத்திருக்கவில்லை, நாங்களும் வைத்திருக்கவில்லை. 'அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே' என்பது அந்தக் காலத்தில் எல்லோரும் எல்லோருக்கும் சொன்ன பதில்.

சென்ற ஆண்டு அவருடைய கவிதைகளைத் தொகுக்கலாம் என்று நண்பர் ஒருவர் கிளம்பியபோது தகட்டைத் தேடி எடுத்தேன். தகடு பழுதாகவில்லை. கோப்புகள் இருந்தன. ஆனால் எதுவும் திறக்கவில்லை. பக்கம் அமைத்தது பேஜ்மேக்கரில். அதை அடோபி நிறுவனம் கைவிட்டு இருபது ஆண்டுகளாகின்றன. அதன் வாரிசான இன்டிசைன் சில காலம் பேஜ்மேக்கர் கோப்புகளைப் படித்துக்கொண்டிருந்தது, சி.எஸ். 6க்குப் பின் வந்த பதிப்புகளில் அந்தத் திறனையும் எடுத்துவிட்டார்கள். எழுத்துருவோ ஒரு தனி வியாபாரி செய்தது. கணினியின் முதுகில் ஒரு பூட்டைச் செருகினால்தான் ஓடும். பழைய டிடிபிக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். இப்போது வேறு தொழில் செய்கிறார். "அந்த ஃபான்ட் போட்டவரே கடையைச் சாத்திட்டுப் போயிட்டாருங்க. பூட்டு எங்கியோ கிடந்துது, பையன் தூக்கிப் போட்டுட்டான்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும்தானே கையெழுத்துப் பிரதியைத் தூக்கிப் போட்டேன்.

செய்தவன் போய்விட்ட ஒரு பாகத்தை எதுவரை வைத்துக்கொள்வது, 'போதும்' என்று எப்போது, யார் சொல்வது என்ற கேள்வி எனக்கு இப்படித்தான் வந்தது. எங்கள் ஊருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தினமும் காலை ஏழு பத்துக்கு மேட்டுப்பாளையம் ஸ்டேஷனிலிருந்து அது புகைவிட்டுக்கொண்டு கிளம்பிப் போகிறது.

நீலகிரிக்கு ரயில் போட வேண்டும் என்ற யோசனை 1854இலேயே எழுந்தது. மேட்டுப்பாளையம் வரை தண்டவாளம் வந்தது 1873இல். அதற்கு மேல் மலை. 1882இல் ஸ்விஸ் எஞ்சினியர் ரிக்கன்பாக் வந்து பார்த்தார். கடைசியில் அமைந்தது அவரிடம் தொழில் பழகிய ரோமன் அப்ட் கண்டுபிடித்த முறை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பற்கள் கொண்ட இரண்டு இரும்புப் பட்டைகள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம். எஞ்சினின் பல்சக்கரம் எந்தக் கணத்திலும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை இந்தப் பல் இல்லாமல் ஏற முடியாது. பன்னிரண்டரை அடி முன்னே போனால் ஒரு அடி மேலே போகிற ஏற்றம். குன்னூர் வரை 1899 ஜூனில் ஓடத் தொடங்கியது, ஊட்டிக்கு 1908இல்.

இந்த ஏற்றத்திற்கென்றே செய்யப்பட்டவை எக்ஸ் வகுப்பு எஞ்சின்கள். ஸ்விட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரத்தில் இருந்த எஸ்.எல்.எம். தொழிற்சாலை 1914 முதல் 1925 வரை பன்னிரண்டும், 1952இல் ஐந்துமாகப் பதினேழு எஞ்சின்களைச் செய்து அனுப்பியது. நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்யும். பல்பாதை வந்ததும், அந்த இரண்டிலும் உழைத்து முடித்த நீராவியை வெளியே விடாமல் மேலே உள்ள மற்ற இரண்டுக்கும் திருப்பி, அதைக்கொண்டு பல்சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. கீழ்ப்பக்கம் நின்று வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. எவ்வளவு கச்சிதமான சிந்தனை! இதில் அநாவசியமாக ஒரு ஆணி கிடையாது என்று சொல்லத் தோன்றும். ஆனால் கச்சிதமாகச் செய்யப்பட்டதற்குத்தான் மாற்றுப் பாகம் கிடைப்பது கஷ்டம். எல்லா எஞ்சினுக்கும் பொருந்துவது இதற்குப் பொருந்தாது. இதற்குப் பொருந்துவது உலகில் வேறெதற்கும் வேண்டாம்.

நம் நாட்டில் சித்தரஞ்சனில் கடைசி நீராவி எஞ்சின் 1972இல் வெளிவந்தது. 1990களின் முடிவுக்குள் அன்றாட ஓட்டத்திலிருந்து நீராவி ஏறக்குறைய முழுவதும் விலகிவிட்டது. விண்டர்தூரின் எஸ்.எல்.எம்மும் அதே ஆண்டுகளில் துண்டு துண்டாகக் கைமாறிக் காணாமல் போயிற்று. ஆக, எக்ஸ் எஞ்சினைச் செய்தவன் இல்லை. அந்த இனத்தைப் பராமரித்த பெரிய குடும்பமும் இல்லை. எந்தக் கணக்கு அதிகாரியும் ஓய்வு கொடுத்துவிடலாம் என்று ஒரே வரியில் எழுதி முடித்திருக்கக் கூடிய நிலை. பஸ் பாதி நேரத்தில் ஊட்டிக்குப் போய்விடுகிறது.

ஓய்வு கொடுக்கவில்லை. 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்ததைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. குன்னூரிலிருந்து ஊட்டி வரையும் மரபுதான். அங்கே பல்பாதை இல்லாததால் டீசல் எஞ்சினை மாட்டினார்கள், மரபு யாரையும் தடுக்கவில்லை. கல்லாறு – குன்னூர் பகுதியில் எக்ஸ் எஞ்சின் நின்றதற்குக் காரணம் அங்கே அதைத் தவிர வேறெதுவும் ஏறாது என்பதுதான். ஒரு பாதை முழுக்க அந்தப் பாகத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. பிரியத்தைவிடச் சார்பு பலமான காரணம். நம்மவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பிரியத்தைப் பற்றிப் பேசுவதுதான் நமக்குச் சுகமாக இருக்கிறது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். திருச்சி பொன்மலைப் பணிமனை — 1928இல் தென்னிந்திய ரயில்வே நிறுவியது — 2010களின் தொடக்கத்தில் எக்ஸ் வகுப்பில் எண்ணெயில் ஓடும் நான்கு எஞ்சின்களைப் புதிதாகவே செய்தது. 2021இல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் செய்து வெளியே விட்டது. ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ஒரு சிந்தனை, அதைப் பெற்ற வீடு பாழான பிறகு, பொன்மலையில் மறுபடி உடம்பெடுத்தது. இது எப்படிச் சாத்தியமாயிற்று? அந்தப் பணிமனைக்காரர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது. இரும்பில் செய்த பொருள் தன்னை ஒளித்துக்கொள்ள முடியாது. பிரித்துப் போட்டால் ஒவ்வொரு பாகமும் தன் அளவைத் தானே சொல்லும். எஞ்சினே எஞ்சினின் வரைபடம்.

கணினி நிரல் அப்படி அல்ல. மனிதன் எழுதிய மூலத்தை எந்திரம் தின்னும் எண்களாக அரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். மாவைப் பார்த்து நெல்லின் ரகத்தைச் சொல்வது போல, அதைக்கொண்டு மூலத்தை ஊகிப்பது பெரும்பாடு. திறந்த மூல மென்பொருள் என்ற இயக்கத்தின் சாரம் இதுதான்: நெல்லையும் சேர்த்துக் கொடு என்பது. செய்தவன் போனாலும் மற்றொருவன் எடுத்துச் செய்யலாம். ஆனால் 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்கிறான்' என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைச் சிறுபத்திரிகை நடத்திய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழ்க் கணினிக்கு வருகிறேன். 1990களில் ஒரு எழுத்துருவுக்குள் இருந்த இடங்கள் 256. முதல் பாதி ஆங்கிலத்துக்கு என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. மேல் பாதியில் — சிலர் கீழ்ப் பாதியையும் பிடித்துக்கொண்டு — தமிழை வைத்தார்கள். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பது அவரவர் இஷ்டம். ஒருவருடைய 'க' மற்றவருடைய 'ஞ'. எழுத்துரு இல்லையென்றால் எழுதியது ஐரோப்பியப் புள்ளிக் குறிகளின் குப்பை. இதை ஒழுங்குபடுத்த, சிங்கப்பூர், மலேசியா, ஸ்விட்சர்லாந்து, அமெரிக்கா, தமிழ்நாடு என்று சிதறிக் கிடந்தவர்கள் மடல்கள் வழியே வாதாடினார்கள். 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் கூடிய மாநாடு ஒரு தொடக்கம். தஸ்கி என்ற குறியேற்றம் அப்படித் தன்னார்வலர்கள் கையில் உருவானது. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு அதை ஏற்காமல் டாம், டாப் என்ற இரண்டை அங்கீகரித்தது. இதற்கிடையே, இந்திய அரசின் இஸ்கியை ஒட்டி 1991இலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தின் குறைகளைப் பற்றிச் செய்யப்பட்ட சண்டை ஒரு தனிப் புத்தகம். அதற்குள் இப்போது போகப்போவதில்லை.

2010 ஜூனில், எங்கள் ஊரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக் கோயம்புத்தூரில் செம்மொழி மாநாடு நடந்தது. ஊரெல்லாம் தோரணம். அந்த நாட்களில்தான் யூனிகோடும், அதோடு டேஸ்–16 என்ற பதினாறு பிட் குறியேற்றமும் இனி அரசின் தரம் என்று ஆணை வந்தது. 1999இல் அரசு அங்கீகரித்ததை 2010இல் அரசே விலக்கிற்று. பதினோரு ஆண்டுகள். கல்லாற்று எஞ்சினுக்குக் கிடைத்ததோ நூறு.

முடிவு சரிதான். அதை அப்போதும் ஆதரித்தேன், இப்போதும் ஆதரிக்கிறேன். ஒரு மொழி பத்து உடம்புகளில் திரிய முடியாது. ஆனால் ஓய்வு கொடுப்பது என்பது ஒரு ஆணையில் முடிகிற செயல் என்று நாம் நினைத்துக்கொண்டோமே, அங்கேதான் பிசகு. ஆணைக்குப் பின்னும் பல அலுவலகங்களில் வெகுகாலம் பழைய எழுத்துருக்களே புழங்கின. மறுபக்கம், வீட்டு அலமாரிகளில் கிடந்த தகடுகளை யாரும் நினைக்கவில்லை. அவை புழக்கத்தில் இல்லை. ஆகவே கணக்கிலும் இல்லை.

தஸ்கி இன்று வழக்கில் இல்லை. ஆனாலும் சாகவில்லை. லினக்ஸ் கணினிகளின் அடித்தளமான குனு சி நூலகத்தில் தஸ்கியின் அட்டவணை இருக்கிறது. ஒரு சிறிய கட்டளை, பழைய தஸ்கிக் கோப்பு யூனிகோடாகிவிடுகிறது. அதை அங்கே வைத்தவர் தமிழரல்ல. அட்டவணை வெளிப்படையாகக் கிடைத்தது, எடுத்து வைத்தார், அவ்வளவுதான். 'ஓப்பன்–தமிழ்' என்ற நிரல் தொகுப்பிலும் பாமினி, டாப், டாம், அஞ்சல் என்று இருபதுக்கு மேற்பட்ட பழைய குறியேற்றங்களை மாற்ற வழி இருக்கிறது. ஓய்வுபெற்ற இவற்றைத் தினசரி யார் உபயோகிக்கிறார்கள்? ஏறக்குறைய யாருமில்லை.

இங்கேதான் திறந்த மூலக்காரர்களின் சங்கடம் வருகிறது. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் நான் வெறும் பழம்பொருள் ரசிகனாகிவிடுவேன்.

டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில் பல்லாயிரம் நிரல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் உண்டு. பொறுப்பாளர் விலகினால் அந்த நிரலை 'அநாதை' என்றே குறிக்கிறார்கள், அதுதான் அவர்களுடைய கலைச்சொல். யாராவது தத்தெடுக்கலாம் என்று அறிவிப்புப் போகிறது. வராவிட்டால், எத்தனை கணினிகளில் இது நிறுவப்பட்டிருக்கிறது, தீராத பிழைகள் எத்தனை, வேறெந்த நிரலாவது இதன்மேல் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். எதுவும் நிற்கவில்லையென்றால் நீக்கம். மூலம் மட்டும் பழைய சேமிப்பில் எஞ்சியிருக்கும். நம் இலக்கியச் சங்கங்கள் ஒரு உறுப்பினரை நீக்குவதற்குக்கூட இவ்வளவு விசாரித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஏன் நீக்க வேண்டும், கிடக்கட்டுமே என்று கேட்கலாம். கிடக்க முடியாது. பார்ப்பாரில்லாத கொதிகலனில் தினமும் நெருப்பு மூட்டினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். 2014இல் ஓப்பன்–எஸ்.எஸ்.எல். என்ற நிரலில் ஒரு ஓட்டை வெளிப்பட்டது. உலகத்தின் பெரும்பகுதி தன் ரகசியங்களை அதனிடம் ஒப்படைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். 2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்–இசட் விவகாரம் இன்னும் மோசம். களைத்துப்போன ஒற்றைப் பொறுப்பாளர். உதவி செய்கிறேன் என்று வந்த ஒருவர் இரண்டாண்டுக்கு மேல் பொறுமையாக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் கள்ளவாசல் ஒன்றைச் செருகிவிட்டார். மற்றொரு எஞ்சினியர், தன் கணினி அரை விநாடி தாமதிப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டதால் பிழைத்தோம். அநாதை என்று பட்டியலில் எழுதப்பட்டதாவது எச்சரிக்கையோடு நிற்கிறது. பராமரிக்கப்படுவது போலத் தோற்றம் கொடுத்துக்கொண்டு பராமரிப்பில்லாமல் இருப்பதுதான் ஆபத்து. பட்டியலில் பெயரும், மாதாமாதம் சந்தாவும், ஆறாண்டாக இதழும் இல்லாத பத்திரிகைகளை நாம் அறிவோம்.

ஆகவே நீக்க வேண்டியதுதான். எப்போது, எதைப் பார்த்து என்பதில்தான் எனக்குத் தகராறு.

லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலகத் தொகுப்பின் கதை இதற்கு நல்ல பாடம். அதன் மூதாதை ஸ்டார் ஆபீஸ், ஜெர்மனியில் 1980களில் பிறந்தது. 1999இல் சன் நிறுவனம் வாங்கி, அடுத்த ஆண்டு மூலத்தைத் திறந்துவிட்டது. 2010இல் அதிலிருந்து பிரிந்தது லிப்ரே ஆபீஸ். பழைய ஸ்டார் ஆபீஸ் கோப்புகளைப் படிக்க மட்டும் மூட்டை மூட்டையாகப் பழைய நிரல் உள்ளே கிடந்தது. யாருக்கும் அது புரியவில்லை, தொட யாருக்கும் தைரியமில்லை, ஆனால் அதைச் சுமந்துகொண்டுதான் ஒவ்வொரு மாற்றத்தையும் செய்ய வேண்டியிருந்தது. 2013இல் 4.0 பதிப்பில் தூக்கி எறிந்தார்கள். அன்றைய கணக்கில் சரியான முடிவு. ஆனால் சில ஆண்டுகளுக்குள் வேறொருவர் அதே பழைய கோப்புகளைப் படிக்கும் ஒரு சிறிய நூலகத்தைத் தனியே எழுதினார். லிப்ரே ஆபீஸ் அதைச் சேர்த்துக்கொண்டது. மூட்டை போனது, திறன் திரும்பி வந்தது. பொன்மலைக் கதையேதான்.

இதில் யார் சரி? இருவரும். நீக்கியவர்கள் நீக்கியிராவிட்டால் இரண்டாமவர் எழுதியிருக்க மாட்டார். இரண்டாமவரால் எழுத முடிந்ததற்குக் காரணம், நீக்கப்பட்ட மூலம் எரிக்கப்படவில்லை என்பது. எஞ்சினை ஓட்டத்திலிருந்து விலக்குவது ஒன்று, உருக்கி இரும்பாக விற்பது வேறு. நம் ஊரில் ஓய்வு என்றாலே இரண்டாவதுதான். அச்சகங்கள் ஈய எழுத்தைக் கைவிட்ட ஆண்டுகளில் எடைக்குப் போன எழுத்துகளை நினைத்துக்கொள்கிறேன். ஒரு அச்சகமாவது ஒரு முழுப் பெட்டியை, ஒவ்வொரு எழுத்திலும் ஒன்றாக, நிறுத்தி வைத்திருக்கலாம்.

நிறுவப்பட்ட கணினிகளின் எண்ணிக்கையை வைத்து ஒரு பாகத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அன்றாடப் பயணிகளை மட்டும் எண்ணுவது. இருபது ஆண்டுக்கு ஒருமுறை வருகிற பயணி அந்தக் கணக்கில் விழமாட்டான். அவன் கடிதம் எழுதுவதில்லை, கூட்டத்துக்கு வருவதில்லை. தனக்கு அந்தப் பாகம் தேவைப்படும் என்பது அவனுக்கே இன்னும் தெரியாது. எங்கள் கவிஞர் போன்றவர்களோ இறந்தே போனவர்கள். ஆனால் அவர்கள் எழுதியது அந்தப் பாகத்தின்மேல்தான் நிற்கிறது. 'இதன்மேல் எது நிற்கிறது' என்று டெபியன்காரர்கள் கேட்பது நல்ல கேள்வி, ஆனால் நிரல்களை மட்டும் பார்த்துக் கேட்கிறார்கள். இதைக்கொண்டு எழுதப்பட்டவை எங்கே, அவை வெளியே எடுக்கப்பட்டாயிற்றா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இனி என் தகடு. லிப்ரே ஆபீஸுக்குள் பேஜ்மேக்கர் கோப்புகளைப் படிக்கும் ஒரு பாகம் இருக்கிறது. 2014இல் ஒரு மாணவர் கோடைக்காலத் திட்டமாக எழுதத் தொடங்கியது. அதன் பிறகு பெரிதாக வளரவில்லை. எந்த நேர்மையான கணக்கிலும் அது ஓய்வு கொடுக்கப்பட வேண்டிய பாகம்: உபயோகிப்பவர் சொற்பம், அறிமுகமில்லாதவர் கொடுக்கும் கோப்பை உள்ளே வாங்கிப் பிரிக்கிற வேலை வேறு, ஆபத்துக்கு அதுதான் வாசல். நானே அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் 'நீக்கு' என்றுதான் கை தூக்கியிருப்பேன். அந்தப் பாகம்தான் என் கோப்பைத் திறந்தது.

திறந்ததும் வந்தது குப்பை. எழுத்துரு இல்லையே. ஓப்பன்–தமிழில் உள்ள எந்த அட்டவணையும் பொருந்தவில்லை. எங்கள் வியாபாரி யாருடைய ஒழுங்குக்கும் கட்டுப்படாதவர். தகட்டில் முந்தைய இதழ்களின் கோப்புகளும் இருந்தன என்றேன் அல்லவா. அந்த இதழ்கள் அச்சானவை. ஒரு பழைய இதழையும் அதன் குப்பைக் கோப்பையும் பக்கத்தில் வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று மூன்று வாரம் உட்கார்ந்து குறித்தோம். பொன்மலைக்காரர்கள் ஆணியை அளப்பது போலத்தான். ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும். யூனிகோடுக்காக அதைப் பின்னால் தள்ள வேண்டும். தட்டச்சு வழி வந்த எழுத்துரு என்பதால் 'ள'வே ஔகாரத்தின் வாலாகவும் வரும். மாற்றி முடித்துப் பார்த்தால், பவானி ஆற்றைப் பற்றிய கவிதையில் 'கெளுத்தி' மீன் பிளந்து கிடந்தது. கொம்பும் 'ள'வும் சேர்ந்து 'கௌ' ஆகிவிட, உகரம் அந்தரத்தில் தொங்கிற்று. கையால் திருத்தினோம். ஒன்பது கவிதைகளிலும் ஒரு சொல்கூட விடுபடவில்லை என்று நினைக்கிறேன்.

அட்டவணையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியே வைத்துவிட்டோம். அந்த வியாபாரியின் எழுத்துருவில் கோவை வட்டாரத்தில் எத்தனை கல்யாணப் பத்திரிகைகளும், எத்தனை கட்சித் துண்டறிக்கைகளும், எத்தனை நாவல்களும் கோக்கப்பட்டிருக்கும் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது.

ஒன்று மட்டும் மிச்சம். டிடிபிக்காரர் ஏழு கவிதைகளில் வரி முடியும் இடத்தில் என்டர் தட்டியிருக்கிறார். இரண்டில் தட்டவில்லை. பெட்டியின் அகலத்தைக் குறுக்கி, வரி தானாக மடிந்து விழும்படி விட்டிருக்கிறார், வேலை சுலபம். மடிந்து விழுந்த இடங்கள் அந்த எழுத்துருவின் அகலத்தைப் பொறுத்தவை. எழுத்துரு இல்லை. அந்த இரண்டு கவிதைகளும் இப்போது என் முன் இரண்டு உரைநடைப் பத்திகளாகக் கிடக்கின்றன. கெளுத்திக் கவிதை அதில் ஒன்று. நான் அதைப் பதினான்கு வரியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். நண்பர் பதினொன்று என்கிறார்.